கைப்பேசி எண்தான் வைஃபை பாஸ்வேர்டா?

சிங்கப்பூரில் கைப்பேசி எண்ணுக்கு எட்டு இலக்கம். வைஃபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்று ரௌட்டர் கேட்கும். இந்தப் பொருத்தம் பார்த்துத்தானோ என்னவோ, அப்பாவின் கைப்பேசி எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருக்கும் வீடுகள் இந்தத் தீவில் ஏராளம். விருந்தாளி கேட்டால் "என் நம்பர்தான் போடுங்க" என்று சொன்னால் முடிந்தது. எழுதித் தர வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஆனால் இங்கே கைப்பேசி எண் 8 அல்லது 9இல்தான் தொடங்கும். அப்படிப் பார்த்தால் மொத்தமே 20 மில்லியன் எண்கள். கணினி விளையாட்டுக்காக வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு ஒரு மில்லியன் வைஃபை பாஸ்வேர்டுகளைச் சோதித்துப் பார்க்கும். அத்தனை எண்களையும் போட்டுப் பார்க்க 20 விநாடி. தேத்தாரிக்குச் சீனி கலக்கும் நேரம்.

"இருபது மில்லியன் தடவை தப்பாகப் போட்டால் ரௌட்டர் பூட்டிக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். ரௌட்டருக்கு அந்தச் சோதனை நடப்பதே தெரியாது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில் ஒரு கைப்பேசி வைஃபையில் சேரும்போது, ரௌட்டரும் கைப்பேசியும் நான்கு சிறு தகவல்களை மாற்றிக்கொள்ளும். ஹேண்ட்ஷேக் என்பார்கள். பாஸ்வேர்டு அதில் வெளிப்படையாகப் போகாது. ஆனால் ஒரு பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குத் தடயம் அதில் இருக்கும். உங்கள் வீட்டு வெளி நடைபாதையிலோ, நேர் மேல் வீட்டிலோ மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பவர் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும். யாரும் புதிதாகச் சேரவில்லையா? "தொடர்பைத் துண்டி" என்ற போலித் தகவல் ஒன்றை அனுப்பினால் உங்கள் கைப்பேசி ஒரு கணம் விடுபட்டுத் தானாகவே மறுபடி சேரும். 2018இல் இன்னும் சுலபமான வழி ஒன்று வெளிவந்தது: பல ரௌட்டர்களிடம் முதல் தகவலை மட்டும் கேட்டு வாங்கினாலே போதும், யாரும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதன்பிறகு நடப்பதெல்லாம் அவருடைய கணினியில், அவருக்கு வசதியான நேரத்தில்.

ஆக, பாஸ்வேர்டின் பலம் ஒன்றுதான் இங்கே தடுப்புச் சுவர். அதே விநாடிக்கு ஒரு மில்லியன் கணக்கில் பாருங்கள். எட்டு இலக்க எண் எதுவானாலும் 100 விநாடி. சிறிய ஆங்கில எழுத்து எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் இரண்டரை நாளுக்குள் முடியும். அதே மாதிரி 12 எழுத்து என்றால் ஏறத்தாழ 3,000 ஆண்டு. நான்கே எழுத்து கூடியதில் இத்தனை வித்தியாசம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று என்று சேர்த்து எட்டு எழுத்துக்குள் வித்தை காட்டுவதைவிட நீளம்தான் கைகொடுக்கும். மகள் பெயரும் பிறந்த ஆண்டும், ஊர் பெயரும் 123உம், அஞ்சல் குறியீட்டோடு வீட்டு எண் எல்லாம் கணக்கிலேயே வராது. சோதிப்பவர் முதலில் எடுக்கும் பட்டியலில் அவைதான் இருக்கும்.

நல்ல பாஸ்வேர்டு எப்படி அமைப்பது?

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். வௌவால், தாம்பாளம், பஞ்சாரம், ஈசானம், நடுக்கடல் என்பது போல. (இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள், இது இப்போது பொதுவில் வந்துவிட்டது.) சொல்லை மனத்தால் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் அம்மா, அன்பு, தமிழ், முருகன் என்றுதான் போவோம். தடிமனான ஓர் அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். ஐந்து முறை. 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் பகடை உருட்டி ஐந்து சொல் எடுத்தால் மேலே சொன்ன வேகத்தில் பல லட்சம் ஆண்டு ஆகும். அகராதியும் விரலும் அந்த அளவுக்குத் துல்லியமான குலுக்கல் இல்லை என்றாலும், வீட்டு வைஃபைக்குத் தாராளம்.

இதில் தமிழருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தாம்பாளத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஏ எழுத்தை ஒன்று போடுவதா, இரண்டு போடுவதா? பாட்டி ஒரு மாதிரி, பேரன் ஒரு மாதிரி எழுதுவார்கள். ழகரம் வரும் சொல்லை அறவே தவிருங்கள். ஒருவர் இஸட்-ஹெச் போடுவார், மற்றவர் எல் போடுவார், மூன்றாமவர் ஆர் போட்டுவிட்டு வைஃபை கெட்டுவிட்டது என்பார். எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து, தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டிமேல் அல்ல, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தாளை வெளி நடைபாதையில் நிற்பவர் படிக்கப் போவதில்லை.

எல்லாம் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும், இடைவெளியும் குறியீடும் வேண்டாம். தொலைக்காட்சி ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் குறியீடு தேடியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சில பிரின்டர்களும் மின்விளக்குகளும் குறியீடு உள்ள பாஸ்வேர்டை ஏற்காமல் அடம்பிடிக்கும். மேல்வரம்பு 63 எழுத்து. ஐந்து சொல் அதற்குள் அடங்கும்.

நெட்வொர்க் பெயரையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டைச் சோதிக்கும்போது டபிள்யூபிஏ2 அதை நெட்வொர்க் பெயரோடு சேர்த்து 4,096 சுற்று அரைக்கிறது. தயாரிப்பாளர் வைத்த பொதுப்பெயரை அப்படியே விட்டால், அந்தப் பெயருக்கு யாரோ முன்பே அரைத்துவைத்த மாவு, அதாவது முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல், இணையத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ அதில் போடாதீர்கள், எந்த வீட்டுச் சமிக்ஞை எது என்று நீங்களே காட்டிக்கொடுப்பதாகும். தமிழில் பெயர் வைக்க முடியுமா என்றால் முடியும், ஆனால் இடம் 32 பைட்தான். தமிழில் ஒவ்வோர் எழுத்து வடிவமும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக மூன்று பைட் பிடிக்கும். "எங்கள் வீடு" 31 பைட், மயிரிழையில் நுழைந்துவிடும். "முருகன் இல்லம்" 40 பைட், ரௌட்டர் ஏற்காது. சில தொலைக்காட்சிகளில் தமிழ்ப்பெயர் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டருக்குள்

மடிக்கணினியை ரௌட்டரோடு கேபிளில் இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வைஃபையிலேயே இருந்துகொண்டு வைஃபை செட்டிங்ஸை மாற்றினால், சேமி என்று அழுத்திய அடுத்த கணம் வெளியே தள்ளப்படுவீர்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சில தயாரிப்புகளில் 192.168.50.1. ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தருபவை) வகைகள் பலவற்றை ஆப் வழியாக மட்டுமே திறக்க முடியும். அப்படியென்றால் அந்த ஆப் கணக்குக்கே இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டாக வேண்டும்.

முதல் வேலை, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரௌட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டு வேறு. பலர் முன்னதை மாற்றிவிட்டு, பின்னதை அட்மின் என்றே விட்டுவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் வீட்டு ரௌட்டர்கள் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு, தானியங்கிப் புதுப்பிப்பு ஆகியவை அந்த விதிகளில் அடங்கும். இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரைத் திட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு, அந்த 2021 விதிப்படி வைஃபை ரௌட்டர் முதல் நிலையையாவது தொட்டிருக்க வேண்டும். அதற்கு முன் வாங்கியதும், வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தருவித்ததும் எப்படி இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அடுத்தது டபிள்யூபிஎஸ், பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவியைச் சேர்க்கும் வசதி. இதை அணைக்காமல் மற்ற எல்லாவற்றையும் செய்வது, முன்கதவுக்குப் புதுப்பூட்டு போட்டுவிட்டு மீட்டர் பெட்டியில் சாவியைத் தொங்கவிடுவது. இந்த முறையில் ரௌட்டருக்கு எட்டு இலக்க பின் எண் (PIN) ஒன்று இருக்கும். எட்டு இலக்கம் என்றால் 100 மில்லியன் வாய்ப்பு என்றுதான் தோன்றும். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது, அதனால் ஏழுதான் மிச்சம். அதிலும் முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்பதை ரௌட்டர் தனியாகவே சொல்லிவிடும். ஆக 10,000 முயற்சி, பிறகு மீதி மூன்று இலக்கத்துக்கு 1,000 முயற்சி. மொத்தம் 11,000. இந்த ஓட்டை 2011 டிசம்பரில் வெளியானது. சில மணி நேர வேலை. பின் எண் கிடைத்ததும் ரௌட்டர் உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டைத் தானே எடுத்து நீட்டும். பாஸ்வேர்டை மாற்றினாலும் பின் எண் மாறாது என்பதால், மறுபடி கேட்டால் புதியதையும் நீட்டும். புதிய ரௌட்டர்கள் சில தவறான முயற்சிக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும் என்றாலும், அணைத்துவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை.

பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய முறைகளில் எது தெரிந்தாலும் தொடாதீர்கள். டபிள்யூஇபி 2001இலேயே உடைந்துபோனது. 2007இல் ஒரு நிமிடத்துக்குள் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டது. டிகேஐபியை வைத்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே முடங்கிவிடும். ஒரு கிகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு இணையம் ஊர்கிறது என்று புலம்பும் வீடுகள் சிலவற்றில் காரணம் இதுதான். இன்று சரியான தேர்வு டபிள்யூபிஏ3, அல்லது டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த முறை.

2018இல் வந்த டபிள்யூபிஏ3இல் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் சோதிக்கும் வித்தை செல்லாது. ஒவ்வொரு ஊகத்தையும் உங்கள் ரௌட்டரிடம் நேரடியாகத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கலந்த முறையில் வைத்திருக்கும்வரை, டபிள்யூபிஏ2இல் சேரும் பழைய கைப்பேசி ஒன்று இருந்தால்கூட பழைய வித்தை பலிக்கும். ஏனெனில் இரண்டுக்கும் பாஸ்வேர்டு ஒன்றே. அதனால் டபிள்யூபிஏ3 போட்டுவிட்டோம் என்று கைப்பேசி எண்ணுக்குத் திரும்பிவிடாதீர்கள். முழுக்க டபிள்யூபிஏ3க்கு மாறினால் என்ன கெடும்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் மலிவான விளக்கு, பிளக், ரோபோ துடைப்பான் ஆகியவை சேராமல் போகும். அவற்றின் சிப்பு பலதுக்கு டபிள்யூபிஏ3 கேட்கும் மேலாண்மைத் தகவல் பாதுகாப்பு (மேலே சொன்ன போலித் துண்டிப்பைத் தடுப்பது) தெரியாது. 6 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரௌட்டர் வைத்திருந்தால் அந்த அலைவரிசையில் டபிள்யூபிஏ3 மட்டும்தான் உண்டு, அதில் குழப்பம் இல்லை.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். யுபிஎன்பி என்பதையும் அணைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் வெளியுலகத்துக்குக் கதவு திறந்துகொள்ள அனுமதிப்பது அதுதான். அணைத்த பிறகு பையன் விளையாட்டுக் கன்சோலில் நண்பர்களோடு சேர முடியவில்லை என்று வந்து நிற்பான். அந்த ஒரு கருவிக்கு மட்டும் கையால் போர்ட் திறந்து கொடுங்கள். ஃபர்ம்வேர், அதாவது ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள், புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்து, நேரம் கேட்டால் விடிகாலை என்று கொடுங்கள், புதுப்பிக்கும்போது ரௌட்டர் சில நிமிடம் மறுதொடக்கம் ஆகும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளுக்குமேல் புகுந்தது. பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரௌட்டர்கள். புதுப்பிப்பு நின்றுபோன பெட்டிக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள்?

உண்மையில், நடைபாதையில் மடிக்கணினியோடு ஒருவர் வருவது அபூர்வம். வைஃபையில் அந்நியர் இருந்தால், நாமே எப்போதோ கொடுத்த பாஸ்வேர்டு கைமாறிப் போயிருப்பதுதான் வழக்கமான காரணம். டியூஷன் ஆசிரியர், போன ஆண்டு வேலையை விட்டுப் போன பணிப்பெண், குளிர்சாதனம் கழுவ வந்தவர், அறை வாடகைக்கு இருந்துவிட்டுப் போன பையன், அவன் கூட்டிவந்த நண்பன். புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பகிர் என்று அழுத்தினால் கியூஆர் குறியீடும், பல மாடல்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் தெரியும். ஐஃபோனிலும் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் சேமித்த பாஸ்வேர்டைத் திறந்து பார்க்கலாம். நீங்கள் கைப்பேசியை வாங்கி மறைவாகத் தட்டிக் கொடுத்தாலும் அவர் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இன்னொன்று, வீட்டை வாடகைக்கு விட இணையத்தில் போடும் படங்கள். வரவேற்பறைப் படத்தில் ரௌட்டர் தெரியும், பெரிதாக்கினால் ஸ்டிக்கரும் தெரியும்.

இதற்கு மருந்து கெஸ்ட் நெட்வொர்க், அதே ரௌட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை. ஏறக்குறைய எல்லா ரௌட்டரிலும் இருக்கிறது, கால்வாசிப் பேர்கூடப் போடுவதில்லை என்றே தோன்றுகிறது. விருந்தாளி, வாடகைக்காரர், விளக்கு, துடைப்பான், சிசிடிவி எல்லாம் அதில். உங்கள் கணினி, கைப்பேசி, கோப்புகள் வைத்திருக்கும் வன்தட்டு, பிரின்டர் எல்லாம் முதன்மையில். கெஸ்ட் பாஸ்வேர்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாடகைக்காரர் மாறும்போது கட்டாயம், மாற்றுங்கள். அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. டபிள்யூபிஏ2இல் பாஸ்வேர்டு தெரிந்தவர், மற்றொரு கருவி சேரும் கணத்தைப் பதிவு செய்தால் அதன் வைஃபைப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். வங்கித் தளங்களுக்குத் தனிக் குறியாக்கம் இருப்பதால் கணக்கு போய்விடாது, ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது தெரியவரும்.

கெஸ்ட் போட்டுவிட்டதாலேயே பிரிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். இங்கே பல வீடுகளில் இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால், சொந்தமாக வாங்கிய ரௌட்டரோ மெஷ்ஷோ ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையை மட்டும் பரப்பும்) நிலையில் ஓடும். அந்த நிலையில் பல மாடல்களில் கெஸ்ட் என்பது பெயருக்குத்தான். எல்லாரும் ஒரே குளத்தில்தான் குளிப்பார்கள். சோதிப்பது எளிது: கைப்பேசியை கெஸ்ட்டில் சேர்த்து, பிரவுசரில் ரௌட்டர் முகவரியையும் பிரின்டர் முகவரியையும் திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்று திறந்தாலும் பிரிவினை வேலை செய்யவில்லை. அப்போது அந்த ரௌட்டரை ரௌட்டர் நிலைக்கே மாற்ற வேண்டும், அல்லது முன்னால் உள்ள பெட்டியில் கெஸ்ட்டைப் போட வேண்டும்.

இதே இரட்டைப் பெட்டி வீடுகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து: புது மெஷ்ஷுக்கு இரும்புப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். நிறுவனம் கொடுத்த பெட்டியின் வைஃபை, ஸ்டிக்கர் பாஸ்வேர்டோடும் டபிள்யூபிஎஸ்ஸோடும் தொலைக்காட்சி அலமாரிக்குள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்க வேண்டும். அணைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலும் குறையும். அடுக்குமாடியில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனலுக்கு முப்பது வீடு அடித்துக்கொள்ளும் நிலையில் அதுவே ஓர் உபகாரம்.

பாஸ்வேர்டை மாற்றினால் இருபது கருவியையும் மறுபடி சேர்க்க வேண்டுமே என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு குறுக்குவழி இருக்கிறது. பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் கெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, முதன்மைக்குப் புதுப்பெயரும் புதுப்பாஸ்வேர்டும் வையுங்கள். முதன்மையை முதலில் மாற்ற வேண்டும், ஒரே பெயரை இரண்டுக்கும் ரௌட்டர் விடாது. விளக்கும் துடைப்பானும் பழைய வீடு என்று நம்பி கெஸ்ட்டுக்குக் குடிபோய்விடும். நீங்கள் கைப்பேசிகளையும் கணினிகளையும் மட்டும் புதியதில் சேர்த்தால் போதும். பழைய பாஸ்வேர்டு வெளியே போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இந்த வழி வேண்டாம், அந்நியரும் கூடவே குடிபோவார். கெஸ்ட்டுக்குப் போன பிறகு கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்டரும் தெரியாது. அது கோளாறில்லை, பிரித்து வைத்ததன் விளைவு. தொலைக்காட்சியையும் பிரின்டரையும் மட்டும் முதன்மைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நேரம் வீணாகும் வேலைகள்

நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது. உங்கள் கைப்பேசி சேரும் ஒவ்வொரு முறையும் பெயர் காற்றில் வெளிப்படத்தான் செய்யும். அதோடு, மறைத்த நெட்வொர்க்கைத் தேடும் கருவி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரியும், எம்ஆர்டி ரயிலிலும் பேரங்காடியிலும்கூட. மேக் முகவரி (கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) பட்டியல் போட்டு வடிகட்டுவதும் அப்படித்தான். அனுமதி பெற்ற முகவரி குறியாக்கம் இல்லாமல் காற்றில் போகிறது, அதைப் பார்த்து நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். மாட்டிக்கொள்வது நம் வீட்டார்தான்: இப்போதைய கைப்பேசிகள் நெட்வொர்க்குக்கு ஒரு மேக் முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்வதால், பட்டியலில் இல்லை என்று ரௌட்டர் அவர்களை வெளியே நிறுத்தும். சமிக்ஞை பலத்தைக் குறைப்பதும் பாதுகாப்பு ஆகாது. பாம் ஷெல்ட்டர் என்ற கனத்த கான்கிரீட் அறையின் சுவரைத் தாண்டித் திணறும் வைஃபை, முன்கதவுக் கம்பியழி வழியே நடைபாதைக்குத் தாராளமாகப் போகும்.

அந்நியர் இருக்கிறாரா என்று பார்க்க

ரௌட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்ததும் பலர் பதறிப் போவார்கள். எஸ்பிரெசிஃப், மூரட்டா, ஹோன் ஹாய் என்று கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் அவை உங்கள் விளக்கும் குளிர்சாதனமும் விளையாட்டுக் கன்சோலும்தான். உள்ளே இருக்கும் வைஃபைப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் பெயர் அது. பெயரே இல்லாத கருவி இருந்தால் மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அந்த முகவரி கருவி தானே உருவாக்கிக்கொண்டது. பெரும்பாலும் கைப்பேசியாகவோ டேப்லெட்டாகவோ இருக்கும். வீட்டில் உள்ள கைப்பேசிகளின் வைஃபை செட்டிங்ஸில் தெரியும் முகவரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அப்படியும் ஒன்று மிஞ்சினால், ஒரு சனிக்கிழமைக் காலையில் ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் அணைந்த பிறகும் பட்டியலில் தரவு ஓட்டத்தோடு ஒன்று நின்றால் அது உங்களுடையது இல்லை. சில ரௌட்டர்கள் போய்விட்ட கருவியையும் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும், அதனால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இருந்தால், பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை மறுபடி சரிபாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம், எந்த வீடு என்பது பட்டியலிலிருந்து தெரியாது. அனுமதியின்றி அடுத்தவர் வைஃபையில் நுழைவது இங்கே கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். 2006இல் 17 வயது இளைஞர் ஒருவர் அண்டை வீட்டு வைஃபையைப் பயன்படுத்தியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இந்தச் சட்டத்தை நாம் கவலையோடு பார்க்க வேண்டிய இடம் வேறு. உங்கள் இணைப்பில் புகுந்தவர் எதையாவது செய்துவைத்தால், ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு வரும் விசாரணை முதலில் வந்து நிற்பது சந்தாதாரர் பெயரில்தான்.

இனி இரண்டு சில்லறை விஷயங்கள். இணையம் மந்தமானால் ஊசியை எடுத்து ரீசெட் துளையில் குத்தும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், மேலே செய்த அத்தனையும் போய் ஸ்டிக்கர் பாஸ்வேர்டும் டபிள்யூபிஎஸ்ஸும் திரும்பிவிடும். மறுதொடக்கத்துக்கு மின்சுவிட்சை அணைத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவையுங்கள், செட்டிங்ஸை ஒரு கோப்பாகச் சேமித்தும் வையுங்கள். இரண்டாவது, பழைய பெட்டி. இரண்டாண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் புது ரௌட்டர் வந்து, பழையது பாம் ஷெல்ட்டரில் அடுக்கப்பட்டு, ஒருநாள் பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் பத்து வெள்ளிக்கு விற்பனைக்கு வரும். அந்தத் துளையில் ஊசி குத்த வேண்டிய நேரம் அதுதான்: மின்சாரம் ஓடும்போது, விளக்கு சிமிட்டும்வரை, பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளம்பரப் படத்தை மேற்பக்கத்திலிருந்து எடுங்கள், ஸ்டிக்கர் தெரிய வேண்டாம்.